ஊட்டி நோட்டுக்கு ஈபிள் கோபுரம் எதற்கு?

பெட்டியைத் திறந்ததும் கையில் முதலில் வந்தது ஈபிள் கோபுரம். தங்க நிறத்தில் மினுங்கும் ஸ்டிக்கர். அதற்கடியில் சிவப்பு நிற லண்டன் டெலிபோன் கூண்டு, ஒரு ராட்சத பலூன், மூன்று சூட்கேஸ்கள், கத்தரித்து அடுக்கிய ரோஜாப் பூக்கள். மருமகள் எனக்காக ஆசையோடு இணையத்தில் வரவழைத்த 'பயண ஸ்கிராப் புக் பெட்டி' அது. விலை 1,299 ரூபாய். நாங்கள் போய்வந்ததோ மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு. என் கைப்பையில் காத்திருந்தவை நான்கு பஸ் டிக்கெட், தாவரவியல் பூங்காவின் நுழைவுச்சீட்டுகள், ஒரு தேயிலைப் பொட்டலத்தின் உறை, வர்க்கி வாங்கிய காகிதப் பை, ஒரு யூகலிப்டஸ் இலை. "பாட்டி, நாம் பாரிஸுக்குப் போகவே இல்லையே?" என்றாள் யாழினி. ஒன்பது வயது. கணக்கு வழக்கில் என்னைப் போல.

பெட்டியை அனுப்பிய நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே மாதிரிப் பெட்டிகள் வேறு வேறு பெயர்களில் வருகின்றன, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். குறைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். தாள்கள் பன்னிரண்டு அங்குலச் சதுரம். எங்கள் பீரோவின் எந்தத் தட்டிலும் படுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. பசைக் குழாய் பாதி காய்ந்திருந்தது. அலை அலையாக வெட்டும் கத்தரி இரண்டாம் தாளிலேயே காகிதத்தை மென்றது. மிச்சமெல்லாம் அலங்காரம். கல்யாண வீட்டில் பந்தலும் தோரணமும் வந்து இறங்கி, சமையல்காரர் மட்டும் வராமல் போனால் எப்படி இருக்கும், அப்படி.

நான் வங்கியில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காகிதத்தோடு பழக்கம் உண்டு. அதைவிடப் பெரிய தகுதி, என்னிடம் அம்மாவின் நோட்டு இருக்கிறது.

1974-இல் அப்பா எங்களை முதன்முதலாக ஊட்டிக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்ததும் அம்மா ஒரு டிராயிங் நோட்டில் எல்லாவற்றையும் ஒட்டி வைத்தாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'ஒட்டு நோட்டு'. கடைக்குப் போவதற்கு முன் நான் செய்த நல்ல காரியம், அந்த நோட்டை மேசையில் விரித்து, எது பிழைத்தது, எது செத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்ததுதான்.

செலோடேப் ஒட்டிய இடத்தில் டேப் இல்லை. காய்ந்து, தானாகக் கழன்று விழுந்துவிட்டது. அது இருந்த இடத்தில் தேன் நிறத்தில் ஒரு பட்டை மட்டும் காகிதத்துக்குள் இறங்கி நிற்கிறது. ஒட்டிய செய்தித்தாள் துண்டு அப்பளம் போல் ஒடிகிறது. அது ஒடிவதோடு விடவில்லை, எதிர்ப்பக்கத்திலும் தன் அளவுக்கு ஒரு பழுப்புச் சதுரத்தைப் பதித்துவிட்டது. யூகலிப்டஸ் இலை பொடிப்பொடியாகிவிட்டது. ஆனால் அதன் எண்ணெய் அரிவாள் வடிவத்தில் நான்கு பக்கங்களைத் தாண்டி ஊறியிருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், வாசனை இல்லை. நீல மையில் அம்மா எழுதியவை வெளிறிப்போயிருக்கின்றன. பேனாவில் மை தீர்ந்துபோய் பென்சிலால் எழுதிய ஒன்றரைப் பக்கம் மட்டும் நேற்று எழுதியது போல் இருக்கிறது: "ஹில்குரோவில் வண்டி தண்ணீர் குடித்தது. குட்டியும் குடித்தாள்." ஹில்குரோ மலை ரயில் பாதையில் ஒரு நிலையம். குட்டி நான்தான்.

கறுப்பு வெள்ளைப் படங்கள் ஐந்தும் சேதமில்லை. அவற்றில் பசையே படவில்லை. நான்கு மூலைகளிலும் முக்கோண போட்டோ கார்னர் வைத்துச் செருகியவை. பிறகு அந்த ரயில் டிக்கெட். இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் 1830-களில் கொண்டுவந்த அட்டை டிக்கெட் முறை, நம் ஊரிலும் நீண்ட காலம் இருந்தது. 57 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம், விரல் நகத்தால் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். இறங்கும் இடத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அப்பா எப்படியோ ஒன்றை மிச்சம் பிடித்திருக்கிறார். அம்மா அதை மைதாப் பசையால் ஒட்டியிருந்தாள். ராமபாணப் பூச்சி பசை இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து அரித்திருக்கிறது. டிக்கெட்டின் அட்டையைத் தொடவில்லை. அதற்குத் தெரிந்த ருசி அது.

ஆக, எனக்கு வேண்டிய பட்டியல் அங்கேயே தயார். நல்ல தாள். யோசித்துத் தொடும் பசை. போட்டோ கார்னர். அழியாத மை. ஈபிள் கோபுரம் பட்டியலில் இல்லை.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை நிலையம், அங்கிருந்து நடை. மெட்ரோவில் வருபவர்களுக்கு உயர் நீதிமன்ற நிலையம் வசதி. என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து பிரியும் ஆண்டர்சன் தெருவும் பக்கத்துப் பந்தர் தெருவும் சென்னையின் காகிதத் தெருக்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருபவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. குடை, தண்ணீர் பாட்டில், சில்லறை மூன்றும் அவசியம். காலை பதினொன்றுக்குள் போய்விட்டால் கடைக்காரர் நின்று பேசுவார். அதற்குப் பிறகு அச்சகக்காரர்களின் கூட்டம், தள்ளுவண்டி, மூன்று சக்கர சைக்கிள். 'ஓரம், ஓரம்' என்ற குரலுக்கு ஒதுங்கவே நேரம் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

முதல் இரண்டு கடைகளில் "ரீம் கணக்கில்தான் கொடுப்போம்" என்றார்கள். அவர்கள் தொழில் அது, கோபம் இல்லை. மூன்றாவது கடை மாடிப்படிக்கு அடியில் ஆறடி அகலத்தில் இருந்தது. அங்கே ஒரு பெரியவர், "ஏழு ஷீட்டா? எதற்கம்மா?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய் நான்கு விதத் தாள்களின் துண்டுகளைக் கொண்டுவந்து, காதருகே ஒவ்வொன்றாக உதறிக் காட்டினார். மெல்லிய தாள் சலசலக்கிறது. கனத்த தாள் தகரம் போல் ஒருமுறை முழங்கிவிட்டு அடங்குகிறது.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஜெராக்ஸ் தாள் எழுபதிலிருந்து எண்பது வரை. அதில் ஒரு போட்டோவை ஒட்டினால் பக்கம் தொட்டில் போல் வளையும். 120 எழுதுவதற்கு மட்டும் சரி. ஒட்டு நோட்டுக்கு 200-க்குக் கீழே இறங்க வேண்டாம். நான் 250 வாங்கினேன். 300 இன்னும் கம்பீரம்தான், ஆனால் நாற்பது ஏடு சேர்ந்தால் பேத்தியால் தூக்க முடியாது. கணக்குப் போட்டே பார்த்தேன்: பத்து அங்குலச் சதுர ஏடு ஒன்று 250 ஜி.எஸ்.எம்-இல் பதினாறு கிராம். நாற்பத்திரண்டு ஏடு வெறும் தாளாகவே ஏறக்குறைய 680 கிராம்.

ஏன் பத்து அங்குலம்? கடையில் முழு ஷீட் இருபதுக்கு முப்பது அங்குலம். அதைப் பத்துக்குப் பத்தாக வெட்டினால் மிகச் சரியாக ஆறு துண்டு, ஒரு நூல் கூட வீணில்லை. பீரோ தட்டிலும் அடங்கும். பன்னிரண்டு அங்குலப் பெட்டி விற்கும் புண்ணியவான் யாருக்கும் இந்த யோசனை தோன்றவில்லை.

வெட்டப் போகும்போது பெரியவர் தடுத்தார். ஷீட்டின் ஒரு பக்கத்தை மெல்ல வளைத்துக் காட்டி, "கையை வையுங்கள்" என்றார். இழுத்த இழுப்புக்கு வளைந்தது. அப்படியே திருப்பி மறுபக்கத்தை வளைத்தார். முரண்டு பிடித்தது. தாள் இயந்திரத்தில் ஓடும் திசையிலேயே நார்கள் படுத்துவிடுகின்றன, அதனால் ஒரு வாட்டத்தில் அது சொன்ன பேச்சைக் கேட்கும், மறு வாட்டத்தில் கேட்காது. எளிதாக வளையும் மடிப்பு முதுகுப் பக்கத்துக்கு இணையாக வர வேண்டும். மாறி வைத்தால் பக்கம் திரும்பும்போது விறைத்து நிற்கும், மழைக்காலத்தில் சுருளும். நீள்சதுரத் தாள் என்றால் வாட்டம் எந்தப் பக்கம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சதுரமாக வெட்டிய பின் நான்கு பக்கமும் ஒன்றுபோல்தானே தெரியும்? அதனால் வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டிலும் முதுகு வரும் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஓர் அம்பு போட்டுக்கொடுத்தார். நாற்பத்திரண்டு அம்பு. வெட்டுக் கூலி முப்பது ரூபாய்தான் வாங்கினார். அந்த அம்புகளுக்குக் கூலி கேட்கவில்லை.

தாள் வாங்கும் முன் மாடியில் ஒரு சோதனை செய்திருந்தேன், அதையும் சொல்ல வேண்டும். மே மாத வெயில். செய்தித்தாள், பெட்டியில் வந்த வண்ணத் தாள், தெருமுனைக் கடைச் சார்ட், கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். ஆலை தயாரிக்கும் ஜெராக்ஸ் தாள், புதுச்சேரிக் கைத்தாள் ஆகிய ஐந்திலும் ஒரு விரல் அகலப் பட்டை வெட்டி வரிசையாக வைத்து, பாதியை ஒரு எவர்சில்வர் தட்டால் மூடினேன். இரண்டாம் நாளே செய்தித்தாளில் தட்டின் விளிம்பு கோடாக விழுந்துவிட்டது. மரக்கூழில் லிக்னின் என்ற பொருளைப் பிரிக்காமல் விட்டால் இந்தப் பழுப்பு தவிர்க்க முடியாதது. பத்தாம் நாள் வண்ணத் தாளின் ரோஜா நிறம் சாயம் போன பாவாடை போலாகிவிட்டது. சார்ட் லேசாக மஞ்சளித்தது. கரும்புச் சக்கைக் கூழ் சேர்த்துச் செய்யும் நம் கரூர்த் தாளில் என் கண்ணுக்கு மாற்றம் தெரியவில்லை. கைத்தாளிலும் இல்லை.

கைத்தாள் என்றது, அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதப் பிரிவில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்வது. 1959-லிருந்து புதுச்சேரியில் நடக்கிறது. பருத்தியில் லிக்னின் தொல்லை கிடையாது என்பதால் நீண்ட நாள் உழைக்கும். தடவிக்கொண்டே இருக்கலாம் போன்ற தாள். ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பு. பேனா மை நார் வழியே கிளை விட்டு ஓடுகிறது, கையெழுத்து கம்பளிப்பூச்சி ஆகிவிடுகிறது. நோட்டு முழுக்க அதைப் போட வேண்டாம். நான் மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி என்று மூன்று பகுதிகளுக்கும் இடையே ஒவ்வோர் ஏடு வைத்தேன். அழகுக்கு அது போதும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய சொல் 'ஆசிட் ஃப்ரீ', அதாவது அமிலம் இல்லாத தாள். கேட்டதும் எல்லோரும் "ஆமாம் ஆமாம்" என்பார்கள். அதனால்தான் மாடி.

பைண்டிங் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கடையில் தைத்து வரும் நோட்டில் டிக்கெட், படம் என்று ஒட்ட ஒட்ட வயிறு உப்பும், முதுகு மட்டும் அப்படியே இருக்கும். கடைசியில் நோட்டு வாய் மூடாது. ஸ்பைரல் போட்டால் மூடும், ஆனால் துளைகள் ஒவ்வொன்றாகக் கிழியும். வங்கியில் கணினிக்கு முந்தைய காலத்தில் திருகு வைத்த லெட்ஜர் இருந்தது. முதுகில் இரண்டு பித்தளைக் குமிழ்கள். கழற்றினால் ஏடு வரும், சேர்த்தால் கூடும். அதைப் பைண்டரிடம் படம் வரைந்து காட்டினேன். "அந்தக் காலத்து லெட்ஜர் மாதிரியா?" என்று கேட்டுச் சிரித்தவர், கேலிகோத் துணி போட்ட கெட்டி அட்டை, பித்தளைத் திருகு இரண்டு, ஏடுகளுக்கு நடுவே முதுகுப் பக்கம் ஓர் அங்குல அகலத்தில் இடைப்பட்டிகள் என்று செய்துகொடுத்தார். உள்ளே எவ்வளவு ஒட்டினாலும் முதுகும் சேர்ந்து தடிமன் காட்டும். 450 ரூபாய். மொத்தச் செலவில் நான் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்த பணம் இது.

இனி பசை. இதில்தான் பெரும்பாலோர் கவிழ்கிறார்கள்.

ஐந்து விதம் வாங்கிச் சோதித்தேன். ரப்பர் சொல்யூஷன் ஒட்டும்போது சுகம், பிசிறு வந்தால் விரலால் உருட்டி எடுத்துவிடலாம். ஆனால் நாளானால் மஞ்சள் கறை கட்டும், வாசனையும் தலைவலி. தள்ளுபடி. இரட்டைப் பக்க டேப் குழந்தைகளுக்கு எளிது, ஒட்டியதைத் திரும்ப எடுக்கவே முடியாது. குச்சிப் பசையைத் தேயிலை உறை போன்ற மெல்லிய தாளுக்கு வைத்துக்கொள்ளலாம். போட்டோவுக்குப் போட்டேன், ஒரு மாதத்தில் நம் ஊர்ப் புழுக்கத்தில் மூலை தூக்கிவிட்டது. மைதாப் பசையில் பைண்டர்கள் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி அண்டாது. மயில்துத்தம் விஷம். குழந்தை கை வைக்கும் வேலைக்கு அது வேண்டாம். துத்தம் இல்லாத மைதாவின் கதையை அம்மாவின் நோட்டில் பார்த்தாகிவிட்டது.

மிஞ்சியது வெள்ளைப் பசை. குழாயிலிருந்து நேரே பிதுக்கினால் தாள் சுருங்கும், பழியைப் பசைமேல் போடுவோம். ஒரு கிண்ணத்தில் மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். முக்கால் அங்குலத் தட்டைப் பிரஷ்ஷால் ஒட்ட வேண்டிய துண்டின் முதுகில், நடுவிலிருந்து ஓரத்துக்கு, சூரியக் கதிர் மாதிரி தடவுங்கள். தோசைக்கு எண்ணெய் தடவுவது போல், பூசியதும் தெரியக்கூடாது. அரை நிமிடம் சும்மா விட்டால் துண்டு ஈரத்தில் விரிந்து சமனாகும், அதற்குப் பிறகு ஒட்டினால் சுருக்கம் பாதியாகக் குறையும். மேலே பட்டர் பேப்பர் வைத்து, அதன்மேல் கனம். எங்கள் வீட்டில் பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டு பாகம் இருக்கிறது. அதற்கு வேறு உத்தியோகம் ஏது? இரவு முழுக்க இருக்கட்டும். யாழினி ஒரு மணி நேரத்தில் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பக்கம் அலை அடிக்கிறது.

ஆனாலும் வெள்ளைப் பசை காய்ந்தால் காய்ந்ததுதான், பிறகு பிரிக்க முடியாது. திரும்ப எடுக்க வேண்டி வரலாம் என்று தோன்றும் எதையும் ஒட்டவே ஒட்டாதீர்கள், கார்னரில் செருகுங்கள். போட்டோ கார்னர் இப்போது கேட்டால் பாதிக் கடைகளில் முழிக்கிறார்கள். பந்தர் தெருவில் ஒரு கடையில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள், அறுபது ரூபாய். கிடைக்காவிட்டால் கவலை இல்லை. அரை அங்குல அகலக் காகித நாடாவை நடுவில் வைத்து இருபுறமும் கீழே மடித்தால் முக்கோணம். பேத்தி ஒரு மதியத்தில் நாற்பது செய்தாள்.

எண்பதுகளில் வந்த 'தூக்கினால் ஒட்டும்' பிளாஸ்டிக் ஆல்பம் நினைவிருக்கிறதா? என் கல்யாண ஆல்பம் அது, 1989. இன்று படங்கள் பக்கத்தோடு ஒன்றாகிவிட்டன. பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கடியில் ரம்பம் போல் இழுத்து ஆறு படங்களை மீட்டேன். ஏழாவதில் மாமனாரின் தோள்துண்டு போய்விட்டது. அதனால் பிளாஸ்டிக் உறை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புதுச் செருப்புக் கடை வாசனை வந்தால் பி.வி.சி., வைத்துவிடுங்கள். பாலிபுரொப்பிலீன் என்று போட்டிருந்தால் வாங்கலாம்.

இப்போது என் அசட்டுத்தனம். குன்னூர் வரை மலை ரயில், அங்கிருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் போனோம். நடத்துநர் கையடக்க இயந்திரத்தில் அடித்துக் கொடுத்த நான்கு டிக்கெட். சீக்கிரம் மங்கிவிடும் என்று கேள்விப்பட்டிருந்ததால், பத்திரப்படுத்துகிறேன் என்று ஒன்றை லேமினேஷன் கடைக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி, "அம்மா, இது பில் காகிதம் மாதிரி இருக்கிறதே, போடட்டுமா?" என்று கேட்கத்தான் செய்தார். "போடுங்கள் தம்பி, ரொம்ப நாள் வர வேண்டும்" என்றேன். ஒரு முனை உள்ளே போகும்போது வெள்ளை. மறுமுனையில் வெளியே வரும்போது தோசைக்கல் நிறம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர், "காசு வேண்டாம் அம்மா" என்றார்.

அந்தக் காகிதத்தில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. சுட்டால் முழுதும் கறுக்கும், வெயிலில் வைத்தால் வெளுக்கும், எண்ணெய்க் கையோ சில பசைகளோ பட்டால் எழுத்து கரையும். இதற்கு ஒரே மருந்து, வீடு திரும்பிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுவது. ஜெராக்ஸின் கறுப்புப் பொடி மங்காது. நகலை நோட்டில் ஒட்டிவிட்டு, அசலை ஒரு காகித உறையில் போட்டு அதே பக்கத்தில் செருகிவிடலாம். போகிற வரை போகட்டும். ரயிலுக்கு அந்தத் தொல்லைகூட இல்லை. மகன் போனில் முன்பதிவு செய்துவிட்டான், செருக டிக்கெட்டே கிடையாது. 7.10-க்குக் கிளம்பி, இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறி வந்த பயணத்துக்குக் கையில் சாட்சி ஒரு குறுஞ்செய்தி. அந்தப் பக்கத்தில் அப்பாவின் அட்டை டிக்கெட்டை வைத்துவிட்டேன். நான்கு கார்னர்கள், பசை இல்லை.

வெட்டும் கருவிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அலங்காரக் கத்தரிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒரு நல்ல கத்தரி, அதைத் துணிக்கோ பால் கவருக்கோ தொடக்கூடாது. நேர்க்கோட்டுக்கு ஒடிக்கும் பிளேடு வைத்த கத்தி. ஒசாகாவில் ஓர் அச்சகத் தொழிலாளி 1956-இல் கண்டுபிடித்தது, சாக்லெட் கட்டியை ஒடிப்பதைப் பார்த்து வந்த யோசனையாம். அதுதான் ஓல்ஃபா. விலை அதிகம், முனை மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்துவிட்டால் புதுக்கத்தி. ஒடித்த துண்டுகளுக்குப் பழைய தைல டப்பா. குழந்தை இருக்கும் வீட்டில் அந்த டப்பா கட்டாயம். ஸ்கேல் ஸ்டீலில் இருக்கட்டும். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கத்தி சீவிவிடும், பிறகு எல்லாக் கோடும் குன்னூர் மலைப்பாதைதான். பச்சை நிற வெட்டுப்பாயும் நல்ல முதலீடு. எங்கள் சாப்பாட்டு மேசை அதற்குச் சாட்சி சொல்லும், இடது மூலையைப் பாருங்கள்.

எழுதுவதற்கு ஜெல் பேனா வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பால் பாயின்ட் பின்பக்கம் புடைக்கும். சகுராவின் பிக்மா பேனா ஒன்று வாங்குங்கள். காய்ந்த பின் ஈரக் கை பட்டாலும் அசையாத நிறமி மை, வெயிலில் வெளிறுவதும் குறைவு. இரண்டு வாங்கினேன், முந்நூறு ரூபாய். குழந்தை அழுத்தி எழுதினால் முனை உள்ளே போய்விடுகிறது என்பது குறைதான். யாழினி கையில் நட்ராஜ் பென்சிலைக் கொடுத்துவிட்டேன். ஐம்பது வருட உத்தரவாதம் அம்மா கொடுத்திருக்கிறாள்.

வாஷி டேப் என்ற ஜப்பானியக் காகித டேப்புக்கு இப்போது பெரிய மோகம். குராஷிகியில் 1923-இல் ஈ ஒட்டும் தாள் செய்யத் தொடங்கிய காமோய் என்ற நிறுவனம்தான் 2008-இல் 'எம்.டி.' என்ற பெயரில் அதை வண்ண வண்ணமாகக் கொண்டுவந்தது. ஈக்குப் போட்ட பசையிலிருந்து எங்கே வந்து நிற்கிறார்கள் பாருங்கள். அசல் டேப் தாளைக் கிழிக்காமல் உரிகிறது, ஒட்டிப் பார்த்து இடம் மாற்றலாம். தெருவில் கிடைக்கும் பாதி விலைப் போலி இரண்டு வாரத்தில் தானே உரிந்துகொண்டது. எதையும் தாங்கும் வேலைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம், கரை போடுவதற்கு மட்டும்.

படங்களை ஸ்டூடியோ லேபில் பிரின்ட் போடுங்கள். வீட்டு இங்க்ஜெட் படத்தில் யாழினியின் எலுமிச்சை ஜூஸ் ஒரு துளி விழுந்து, என் மருமகளின் முகத்தில் நீலம் ஓடியது. நாலுக்கு ஆறு அளவு, மேட் ஃபினிஷ். பளபளப்பான படங்கள் எதிரெதிர்ப் பக்கத்தில் முகத்தோடு முகம் வைத்தால் ஐப்பசி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

யூகலிப்டஸ் இலையை ஒட்டவில்லை. ஒருவாரம் செய்தித்தாளில் அழுத்தி, வெள்ளைத் தாளில் அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்தோம். வர்க்கிப் பையில் நெய்க்கறை இருந்ததால் எழுத்துள்ள பக்கத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டேன்.

பூச்சிக்கு, தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் முறையைக் கொஞ்சம் கடன் வாங்கினேன். வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை இவற்றை இடித்துக் கற்பூரத்தோடு துணியில் முடிந்து ஏடுகளுக்கு அருகில் வைப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் இருபது ரூபாய்க்கு வசம்பு வாங்கினால் ஒரு வருடத்துக்கு வரும். முடிச்சு நோட்டுக்குள் வேண்டாம், பீரோ தட்டில் பக்கத்தில் இருந்தால் போதும்.

கணக்கு: தாள் 315, வெட்டு 30, பைண்டிங் 450, பசை 60, பிரஷ் 40, கத்தி 300, வெட்டுப்பாய் 350, பேனா 300, கார்னர் 60. ஆக 1,905 ரூபாய். வசம்பு வீட்டுச் செலவில். பெட்டியைவிட 606 ரூபாய் கூடுதல், ஆனால் பிரஷ், கத்தி, வெட்டுப்பாய் மூன்றும் அடுத்த நோட்டுக்கும் வரும். ஈபிள் கோபுரத்தை யாழினி பள்ளி டிபன் டப்பாவில் ஒட்டிக்கொண்டாள். கறுத்த டிக்கெட்டைத் தூக்கிப் போட விடவில்லை. பதினேழாம் ஏட்டில் அதற்கு நான்கு கார்னர் வைத்து, கீழே பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "குன்னூர்-ஊட்டி பஸ். பாட்டி கருக்கியது."